கவுன்சிலிங் திடீரென்று நின்றுவிட்டது, மாத்திரையும் தீரப் போகிறது. என்ன செய்வது?

முத்துக்கடை பயணி:

எல்லோருக்கும் வணக்கம். பக்கத்தில் யாரிடமும் பேச முடியாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 33. மகள் ஆறாம் வகுப்பு. இரண்டு வருடத்துக்குக் கிட்ட, வேலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் சைக்காலஜிஸ்ட் மேடம் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை. வேலை முடிந்ததும் முத்துக்கடையில் பஸ் ஏறி, கிரீன் சர்க்கிளில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அதே கிளினிக்கில் டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். காலையில் மனச்சோர்வு, பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸிடலோபிராம் 10 மி.கி., இரவில் படபடப்பைத் தணிக்கும் குளோனாசெபாம் 0.5 மி.கி.

போன வியாழக்கிழமை நான் லைனில் நிற்கும்போது ரிசப்ஷனிலிருந்து போன். "மேடம் இனிமே பேஷன்ட் பார்க்க மாட்டாங்க, உங்க சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் கேன்சல்" என்றார்கள். மிஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று வெளியே வந்து திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னார்கள். உடம்பு சரியில்லையா, வேறு ஊருக்குப் போகிறார்களா, நான் இனி யாரைப் பார்ப்பது, எதற்கும் பதில் இல்லை. டாக்டரும் இனி எப்போதாவதுதான் வருவாராம், தேதி தெரியாதாம். மேடத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். கடைசியாகப் போன அன்றுதான், சின்ன வயதில் எனக்கு நடந்த ஒன்றை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். என்ன என்று இங்கே எழுதவில்லை. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. மேடம் குறுக்கிடாமல் கேட்டார். "இதைப் பத்தி நிதானமாப் பேசணும், அடுத்த தடவை வாங்க" என்றார். அந்த அடுத்த தடவைதான் கேன்சல் ஆகிவிட்டது. அதைச் சொன்னதால்தான் என்னைப் பார்க்க விருப்பம் இல்லாமல் போய்விட்டதோ என்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

அவர் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியைச் செய்தால் அவர் குரல்தான் காதில் கேட்கிறது. அதனால் அதையும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. "இப்போ நல்லாத்தானே இருக்க, இதோட விட்டுடு" என்கிறார். மாமியார் சோளிங்கர் மலையேறி ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். போவேன், எனக்கும் பக்தி உண்டு. ஆனால் மாத்திரை ஒரு அட்டைக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கிறது. தீர்ந்தால் அப்படியே நிறுத்திவிடலாமா? மேடத்துக்குத் திரும்பவும் எழுதுவது தப்பா? புதிதாக ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லணும் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?


மழைக்கு முன்:

எனக்கு நடந்திருக்கிறது. நான் பார்த்தது ஆன்லைனில். ஒருநாள் அந்த ஆப்பில் என் கவுன்சிலரின் பெயரையே காணோம். "வேறு நிபுணரைத் தேர்ந்தெடுக்கவும்" என்று மட்டும் இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லணும் என்று தோன்றியது. எனக்கு வருத்தத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. காசு கொடுத்துப் பார்த்தவர் போனதற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வீட்டில் ஒருவர் தவறினால் நாலு பேர் வந்து உட்காருவார்கள். இதற்கு யாரும் வர மாட்டார்கள், நாமும் யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு கனம். நீங்கள் அழுவதில் தப்பே இல்லை. நாம் தவறாமல் போய் மனதைத் திறந்து காட்டிய ஒருவர் அவர். அந்த இழப்பு நிஜமானது.

மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும். தானாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.


ஆற்காட்டான்:

படித்ததும் ரத்தம் கொதிக்கிறது. ஒரு பேஷன்டை ரிசப்ஷன் போனில் கழற்றிவிடுவதா? கிளினிக் பெயரை இங்கே போடுங்கள். கூகுளில் ஒரு ஸ்டார் கொடுத்து நடந்ததை அப்படியே எழுதுங்கள். நாலு பேர் பார்த்தால்தான் இவர்களுக்கெல்லாம் பயம் வரும்.


குடியாத்தம் தம்பி:

தங்கச்சி, முதலில் மாத்திரை. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் அண்ணனுக்கு பைபோலார், அதாவது மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய். அதைச் சமநிலையில் வைக்க வருடக்கணக்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த தனியார் டாக்டர், பெயர் வேண்டாம், ஒரு மே மாதம் கிளினிக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். மாத்திரை வாங்கப் போனால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது, போர்டையும் கழற்றிவிட்டார்கள். நாங்கள் வேறு டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மாத்திரை தீர்ந்துவிட்டது. கொஞ்ச நாளிலேயே அண்ணனுக்குத் தூக்கம் போனது. நடு ராத்திரியில் தறியைப் பிரித்துப் போட்டு சுத்தம் பண்ணுவார். இன்னும் நாலு தறி வாங்கப் போகிறேன் என்று பேசுவார். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும் என்று பிறகு எங்களுக்கு விளக்கினார்கள்.

உங்கள் மாத்திரை வேறு, ஆனாலும் கவனம் வேண்டும். எஸிடலோபிராமைச் சட்டென்று விட்டால் சிலருக்கு இரண்டு மூன்று நாளிலேயே தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரன்ட் அடிப்பது போல ஒரு உணர்வு, காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். நோய்தான் திரும்பிவிட்டது என்று அப்போது பயந்துபோவோம். குளோனாசெபாமை ரொம்ப நாள் தினமும் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும். "நல்லாத்தானே இருக்க" என்று வீட்டுக்காரர் சொன்னாலும் இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்த மாத்திரையால்கூட நீங்கள் நன்றாக இருக்கலாம் இல்லையா.

நாங்கள் அண்ணனை அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போனோம். மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரைக்கும் காசு வாங்குவதில்லை. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே எங்களுக்கு முழி பிதுங்கியது. எந்த டோஸ், எவ்வளவு நாளாக, கடைசியாக இரத்தத்தில் லித்தியம் அளவு என்ன, தைராய்டு, கிட்னி டெஸ்ட் எப்போது எடுத்தது? எல்லாம் பழைய டாக்டரின் ஃபைலில்தான் இருந்தது. எங்களைக் காப்பாற்றியது பஜாரில் நாங்கள் வழக்கமாக மாத்திரை வாங்கும் மெடிக்கல் ஷாப்காரர். அவர் கம்ப்யூட்டரில் அண்ணனுடைய பழைய பில் அத்தனையும் இருந்தது. எந்த மாதம் டோஸ் ஏற்றினார்கள், எப்போது குறைத்தார்கள் என்று அதைப் பார்த்தே டாக்டர் எழுதிக்கொண்டார். ஊசி போட்டு, இரத்தம் எடுத்து, அண்ணன் சமநிலைக்கு வர நாள் ஆனது. ஆனால் வந்துவிட்டார்.

அதனால் நாளைக்கே உங்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்ப் பழைய பில்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சீட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்குங்கள். உங்களுக்கு அடுக்கம்பாறை தூரம் என்றால் வாலாஜா அரசு மருத்துவமனை பக்கம்தானே. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்றைக்கு உட்காருகிறார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அதுவும் தள்ளிப்போனால், உங்கள் குடும்ப டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டி அடுத்த டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். எம்பிபிஎஸ் டாக்டர் எழுதலாம்.

லித்தியம் சாப்பிடுபவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நம் ஊர் வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மூட்டு வலிக்கு என்று புரூஃபென், டைக்லோஃபெனாக் மாதிரி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதனாலும் ஏறும். கை நடுக்கம், வாந்தி, நடை தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அண்ணனைப் பற்றி இன்னொன்று. உடம்பு தேறிய பிறகும் அவர் அந்த மூடிய கிளினிக் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருப்பார். திட்ட மாட்டார், அழ மாட்டார். சும்மா உட்கார்ந்துவிட்டு டீ குடித்துவிட்டு வருவார். நானும் சில நாள் கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். "பதினோரு மணிக்கு என் டோக்கன் வரும், அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், நம்பரைச் சொல்ல மாட்டார்" என்று ஒருநாள் சொன்னார். அவர் இழந்தது அதுதான். எங்களுக்கு அது மாத்திரை எழுதும் டாக்டர், அவருக்கு உலகத்தில் தன்னை நோயாளியாகப் பார்க்காத ஒரே ஆள். கொஞ்ச காலம் கழித்து அவராகவே அங்கே போவதை நிறுத்திக்கொண்டார். நாங்கள் தடுத்திருந்தால் நின்றிருக்குமா தெரியாது.

புது டாக்டரிடம் அண்ணன் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார். "நீங்க எப்போ போவீங்க?" நான் சங்கடப்படுவேன். அந்த டாக்டரம்மா சங்கடப்படவில்லை. "இது அரசாங்க வேலை, மாற்றல் வரலாம். வந்தா உங்ககிட்ட முன்னாடியே சொல்லுவேன், உங்க ஃபைல் இங்கேயே இருக்கும், அடுத்து வர்றவங்க அதைப் படிச்சிட்டுத்தான் உங்களைப் பார்ப்பாங்க" என்றார். எந்த மருந்தைவிடவும் அந்தப் பதில்தான் அண்ணனை அவர்மேல் நம்பிக்கை வைக்கச் செய்தது. நீங்கள் அடுத்து யாரிடம் போனாலும் முதல் நாளே இதைக் கேளுங்கள். ஒருவேளை நீங்கள் நிறுத்த வேண்டி வந்தால் எனக்கு எப்படிச் சொல்வீர்கள், என்னை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்று. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.


காட்பாடி அம்மா:

மனநல வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி மாத்திரையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி.

அம்மாடி, முதலில் உன்னை நேராகவே ஒன்று கேட்கிறேன். சாகணும் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இந்தத் திரியில் பதில் வரும் வரைக்கும் காத்திருக்காதே. 14416 என்ற நம்பருக்கு அடி. டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். அவசரம் இல்லை, யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றாலும் அதே நம்பரில் கேட்கலாம்.

இனி உன்னை ராத்திரியில் குடையும் கேள்வி. அவர் ஏன் போனார் என்று எனக்கும் தெரியாது, இங்கே எழுதும் யாருக்கும் தெரியாது. அதனால் "நீ சொன்னதால் இருக்காது" என்று சும்மா சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். வேலையை விடுபவர்கள் சம்பளத் தகராறில் விடுவார்கள், பிரசவத்துக்குப் போவார்கள், தங்களுக்கே உடம்போ மனமோ முடியாமல் போகும், கிளினிக்கே அவர்களை நிறுத்தியிருக்கும். டாக்டரும் ஒழுங்காக வருவதில்லை என்கிறாயே, அதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது. ஒருவேளை நீ சொன்னது அவருக்குத் தாங்க முடியாததாகவே இருந்திருக்கட்டும். அப்போதும் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். "இதில் எனக்குப் போதுமான பயிற்சி இல்லை, இவரைப் போய்ப் பார்" என்று உன்னைக் கை மாற்றிவிடணும். அதைச் செய்யாதது அவர் தொழிலில் விழுந்த குறை. உனக்கு நடந்ததை நீ சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

விதி என்ன என்றும் தெரிந்துகொள். டாக்டர்களுக்கு 2002ஆம் வருட மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகள் இருக்கின்றன. ஒரு நோயாளியை ஏற்றுக்கொண்ட பிறகு அவருக்கும் குடும்பத்துக்கும் போதிய முன்னறிவிப்பு கொடுக்காமல் விலகக் கூடாது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவும் உன் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமையைக் கொடுக்கிறது. அதே சட்டத்தின் 98ஆவது பிரிவு, புதிய மனநல மருத்துவர் பொறுப்பேற்கும்போது பழையவர் நோயாளியையும் குடும்பத்தையும் கலந்து பேசி, மேற்கொண்டு சிகிச்சை எப்படி என்று திட்டம் போட்டுத் தரணும் என்கிறது. அது சேர்த்துவைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கானது, உன் சின்ன கிளினிக்குக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் எது முறை என்று அதிலிருந்தே தெரிகிறதல்லவா.

ஆகவே மேடத்துக்கு எழுதுவது தப்பே இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வேண்டாம். ஒவ்வொரு நீல டிக்கும் உன்னைத்தான் வருத்தும். கிளினிக் முகவரிக்கு, டாக்டர், மேடம் இரண்டு பேர் பெயருக்கும் ஒரே கடிதம் எழுது. சிகிச்சைச் சுருக்கம், மாத்திரை விவரம், யாரைப் பார்ப்பது என்ற பரிந்துரை, முடிந்தால் விடைபெற ஒரே ஒரு சந்திப்பு. இவ்வளவையும் கேள். மேடம் கைப்பட எழுதிய குறிப்பு முழுவதும் வரும் என்று எதிர்பார்க்காதே. ஒரு பக்கச் சுருக்கம் வந்தாலே போதும்.

ஆற்காட்டுத் தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கூகுளில் அவள் எழுதினால், அவள் அங்கே சிகிச்சைக்குப் போனது கம்பெனிக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்துபோகும். அதை அவள் முடிவு பண்ணட்டும், அதுவும் கையில் சுருக்கம் வந்த பிறகு. புகார் கொடுக்கணும் என்றால் டாக்டர்மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கொடுக்கலாம். அந்த மேடம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கணும். அடுத்து போகும் இடத்திலும் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுவிட்டுப் போம்மா. போர்டு வைத்தவர் எல்லாம் படித்தவர் இல்லை.

புதியவரிடம் முதல் நாளே அந்த விஷயத்தைச் சொல்லணும் என்று யார் சொன்னது? "சின்ன வயதில் நடந்த ஒன்று இருக்கிறது, சொல்ல ஆரம்பித்தபோது சிகிச்சை நின்றுவிட்டது, எனக்குத் தயாராகும்போது சொல்கிறேன்" என்று சொன்னால் போதும். நல்லவராக இருந்தால் அதற்கு மேல் தோண்ட மாட்டார். முன்பு என்ன உதவியது, எது உதவவில்லை, எந்தச் சூழலில் படபடப்பு வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. நீ பாதியைத் தாண்டி வந்தவள், அந்தத் தாளைப் பார்த்தால் உனக்கே அது தெரியும்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு வழி. அந்த வரிகளை உன் மகளைப் படிக்கச் சொல்லி போனில் பதிவு பண்ணு. "நாலு எண்ணும் வரைக்கும் இழு, ஆறு எண்ணும் வரைக்கும் விடு" என்று அவள் குரலில் கேள். வார்டில் நான் இதைச் செய்திருக்கிறேன். கூட இருக்கும் அம்மாவோ தங்கையோ எண்ணச் சொன்னால் நோயாளி சீக்கிரம் நிதானத்துக்கு வருவார். இங்கே வேலூர் பாகாயத்தில் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்துப் பார்க்கும் வழக்கம் ரொம்ப நாளாக உண்டு. வீட்டு ஆள் கூட இருப்பதன் அருமை இந்த ஊருக்குப் புதிதில்லை. பாகாயம் என்றால் தெருவில் ஒரு மாதிரி பார்ப்பார்களே என்று நினைத்து அதை ஒதுக்கிவிடாதே. அங்கேயும் புற நோயாளியாகப் போய்ப் பார்க்கலாம்.


முத்துக்கடை பயணி:

எல்லோருக்கும் நன்றி. திரும்பத் திரும்பப் படித்தேன்.

அம்மா கேட்ட கேள்விக்கு முதலில் பதில். அப்படி எண்ணம் இப்போது இல்லை. மகள் பிறந்த புதிதில் இருந்தது, அதனால் அது எப்படி வரும் என்று தெரியும். 14416ஐ போனில் சேமித்துவைத்துவிட்டேன். ஒரு ராத்திரி பேசினேன். எடுத்த பெண் பெரிதாக அறிவுரை எதுவும் சொல்லவில்லை, பொறுமையாகக் கேட்டார். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

மாத்திரை கிடைத்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் பில் பிரதி எடுத்துக்கொண்டு, லீவு போட்டு வாலாஜா ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரரையும் கூட்டிப்போனேன், டாக்டர் வாயால் கேட்கட்டும் என்று. எஸிடலோபிராம் அப்படியே தொடரணும், குளோனாசெபாமைப் பிறகு மெதுவாகக் குறைக்கலாம், அவசரம் இல்லை என்றார். வெளியே வரும்போது வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "வலிப்பு வரும்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து இரவு மாத்திரையை அவர்தான் எடுத்துத் தருகிறார்.

மகள் பதிவு பண்ணித் தந்தாள். நடுவில் ஒரு இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கார்டு இருக்கிறது. கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று அதில் இதுவரை பார்த்ததில்லை. அது சரியா? பேச்சு சிகிச்சைக்கு இன்னும் யாரையும் முடிவு பண்ணவில்லை. மனசு ஆறவில்லை. மேடம்மேல் கோபம் வருகிறது, அடுத்த நிமிஷமே அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று கவலையும் வருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

கடிதம் எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கும் மேடம் அவர்களுக்கும்,

தொந்தரவுக்கு மன்னிக்கவும். நான் உங்கள் கிளினிக்கில் இரண்டு வருடத்துக்குக் கிட்ட சிகிச்சை பெற்றுவந்தேன். சந்திப்பு இனி இல்லை என்று போனில் மட்டும் தெரிவிக்கப்பட்டது. காரணமோ மாற்று ஏற்பாடோ சொல்லப்படவில்லை. என் சிகிச்சைச் சுருக்கம், இதுவரை தரப்பட்ட மருந்துகளின் விவரம், மேற்கொண்டு யாரிடம் போகலாம் என்ற பரிந்துரை ஆகியவற்றை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மேடம் அவர்களால் முடிந்தால், நேரிலோ போனிலோ ஒரே ஒரு முறை பேச விரும்புகிறேன். கடைசிச் சந்திப்பில் நான் சொன்னதைக் கேட்டதற்கு நன்றி. அதைச் சொல்ல எனக்கு நிறைய வருடம் ஆனது."


மழைக்கு முன்:

கடைசி இரண்டு வரியையும் படித்து அழுதுவிட்டேன். அவற்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.


குடியாத்தம் தம்பி:

நல்ல கடிதம் தங்கச்சி. சந்திப்புக்கு அவர் பதில் சொல்லாமலும் போகலாம், அதற்கும் மனதைத் தயார் பண்ணிவையுங்கள். எங்கள் அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் பதில் கிடைக்கவே இல்லை. ஆனாலும் இப்போது தறி ஓட்டுகிறார், மாதா மாதம் தானாகவே பஸ் ஏறி அடுக்கம்பாறை போய் வருகிறார். வேலூர் பக்கம் யாரைப் பார்ப்பது என்று தேடும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இங்கே எழுதுங்கள், என் வீட்டம்மா வருவார்.


காட்பாடி அம்மா:

இ.எஸ்.ஐ.யில் தாராளமாகப் பார். உன் நோய் விவரத்தை உன் சம்மதம் இல்லாமல் கம்பெனிக்குச் சொல்ல எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது. மனநலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. லீவுக்குச் சீட்டு வாங்கும்போது மட்டும், அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்து வாங்கு.

கடிதத்தில் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்பதை எடுத்துவிடு. மற்றது அப்படியே இருக்கட்டும். மேலே தேதி போடு, உன் ஓ.பி. நம்பரை எழுது. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் கிளினிக் முத்திரையும் வாங்கிக்கொள். ரிசப்ஷனில் வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போ.